பயண எண் இல்லாத ஒரு விபத்து குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் செயலியின் ஆறாண்டு வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில்)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
செயலி வழி வாடகைக் கார் நிறுவனம்

பொருள்: உங்கள் செயலியில் லாகின் செய்திருந்த கார், பாதசாரியான என் மீது மோதியது, அது தொடர்பான விவரங்களையும் ஆவணங்களையும் தர நிறுவனம் மறுப்பது குறித்து.

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் 14-ஆம் தேதி மாலை ஆறே முக்கால் மணியளவில், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது ஜீப்ரா கோட்டின் மேல் சாலையைக் கடந்தேன். அப்போது இடது பக்கம் திரும்பிய டி-போர்டு கார் ஒன்று மோதியதில் என் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. பிளேட் வைத்து ஒன்பது ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் உதவியாளன் நான். இப்போது இந்தக் கடிதத்தையே படுத்த நிலையில் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

விழுந்த இடத்தில் என் தலை முன்சக்கரத்தை ஒட்டிக் கிடந்தது. முதலில் வலி தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. இறக்கியிருந்த கண்ணாடி வழியாக உங்கள் செயலியின் மணி அடித்துக்கொண்டிருந்தது. புதிய சவாரி வரும்போது ஓட்டுநரின் கைப்பேசியில் அடிக்கும் அந்த மணியைப் பின் இருக்கையில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன் என்பதால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்கும்போது அது நின்றது. அவர் என்னைக் கதவருகே கொண்டுபோவதற்குள் மறுபடி அடித்தது. "ரைடு வந்துச்சு அண்ணே, எடுக்கலாமான்னு பார்த்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதைக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்திலும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஓட்டுநர் மீது புகார் சொல்ல நான் இதை எழுதவில்லை. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதை அவர் செய்தார். அதே காரில் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார், இரவு பத்து மணிவரை அங்கேயே நின்றார். கவனமின்றி ஓட்டியது, அதனால் கொடுங்காயம் ஏற்படுத்தியது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளில் அவர் மீது வழக்கு இருக்கிறது. அது அதன் போக்கில் நடக்கும். என் புகார் உங்கள் நிறுவனத்தின் மீது.

உங்கள் செயலியின் உதவிப் பக்கத்தைத் தயவுசெய்து ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். கட்டணம் கூடுதலாகப் பிடித்தால் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஓட்டுநர் வராவிட்டால், கார் சுத்தமாக இல்லாவிட்டால், வண்டியில் ஏசி போடாவிட்டால் சொல்லவும் இடம் இருக்கிறது. உங்கள் காரில் அடிபட்டவர் சொல்ல மட்டும் இடம் இல்லை. எந்தப் புகாரானாலும் முதலில் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எனக்கு ஏது பயணம்? வேறு வழியில்லாமல், விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு நான் போன ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்து, 'பொருளைத் தொலைத்துவிட்டேன்' என்ற தலைப்பின் கீழ் என் புகாரைப் பதிந்தேன். என்ன பொருள் என்று கேட்ட கட்டத்தில் 'மற்றவை' என்று போட்டேன்.

அதற்கு மூன்று பதில்கள் வந்தன. முதல் பதில், தொலைந்த பொருளின் நிறத்தையும் அடையாளத்தையும் கேட்டது. இரண்டாவது பதில், அந்தத் தேதியில் உங்கள் கணக்கில் பயணம் எதுவும் இல்லை, எனவே பயண எண்ணைக் குறிப்பிடவும் என்றது. மனிதர் ஒருவர் படித்துவிட்டு எழுதியது போல இருந்த மூன்றாவது பதில்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அதில், மோதிய நேரத்தில் ஓட்டுநர் எந்தச் சவாரியிலும் இல்லை என்றும், ஓட்டுநர்கள் உங்கள் ஊழியர்கள் அல்லர் என்றும், நிறுவனம் பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் தளம் மட்டுமே என்றும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தி அடுத்த மூன்று பயணங்களுக்குத் தள்ளுபடி கூப்பன் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் இருந்தது. முறிந்த காலுக்குப் பயணக் கூப்பன் கொடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பனை நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் மாட்டேன். எந்த விதத்திலும் அது இழப்பீடாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சவாரியில் இல்லை என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். என் இழப்பீட்டைப் பொறுத்தவரை அதற்குப் பொருள் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவின்படி பொதுச் சாலையில் ஓடும் வாகனத்துக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு, பின் இருக்கையில் ஆள் இருந்தாரா என்று பார்ப்பதில்லை. சாலையில் நடந்து போனவருக்கு அந்த வாகனத்தால் காயம் பட்டதா என்றுதான் பார்க்கும். உங்கள் பொறுப்பைப் பொறுத்தவரையோ அந்த வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது. சவாரி ஓடும்போது உங்கள் செயலி வழிதான் காட்டுகிறது. சவாரி இல்லாதபோதுதான் அது மணி அடிக்கிறது, சில நொடிகளுக்குள் திரையைத் தொடச் சொல்கிறது, தொடாவிட்டால் அந்தச் சவாரியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. நகரும் காரில் இருப்பவரின் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அவர் கைப்பேசியைக் கையில்கூடப் பிடித்திருக்கவில்லை, அது ஸ்டாண்டில்தான் இருந்தது.

தளம் மட்டுமே என்பதும் சட்டத்தில் அவ்வளவு எளிதாக நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் உங்களைப் போன்ற நிறுவனங்களை 'அக்ரிகேட்டர்' என்று பெயரிட்டு வரையறுத்தது; 93-ஆவது பிரிவின் கீழ் உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுநர் லாகினில் இருக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நிறுவனத்திடம் கொடுத்தன. வெறும் தளத்திடம் யாரும் அப்படி ஒரு வேலையைக் கொடுப்பதில்லை. வாகனத்தை வாடகைக்கு எடுத்து இயக்குபவரின் கட்டுப்பாட்டில் அது இருந்தால், அந்த நேரத்துக்கு அவரையே உரிமையாளராகக் கருத வேண்டும் என்று உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. அது பேருந்து வழக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்று கேட்பதற்கு எனக்கு அது போதும்.

நான் எங்கே போக முடியும் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்று பலர் சொன்னார்கள். அன்று அந்தக் காரின் சேவையை வாங்கியவன் நான் இல்லை என்பதால், காயத்துக்கான இழப்பீட்டுக்கு அது சரியான இடம் அல்ல. அதற்கான இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 166-ஆவது பிரிவின் கீழ் விபத்து நடந்த இடத்திலோ, நான் குடியிருக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ மனு போடலாம்; விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த ஆறு மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உங்கள் உதவிப் பக்கத்தில் போய்விட்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தரும் 164-ஆவது பிரிவு அது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். காப்பீட்டு நிறுவனம் நியமிக்கும் அலுவலர் 149-ஆவது பிரிவின்படி முன்வைக்கும் சமரசத்தில் அந்தத் தொகையை நான் ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் நான் போடும் மனு அத்துடன் காலாவதியாகிவிடும். அவசரத்தில் கையெழுத்துப் போடும் நிலையில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நான் ஏற்கப்போவதில்லை. மருத்துவச் செலவு, வராத சம்பளம், ஒரு வருடம் கழித்து பிளேட்டை எடுக்க ஆகும் செலவு ஆகியவற்றோடு, இனி எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. மருத்துவக் குழு தரும் ஊன விழுக்காடும், சம்பாதிக்கும் திறனில் உண்மையில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கால் ஒரு கணக்கு, எனக்கு வேறு கணக்கு. என் பக்கமும் கவனக்குறைவு இருந்ததாக வாதிட்டால் அதற்கேற்ற விகிதத்தில் தொகை குறையும் என்பதும் தெரியும். அதனால்தான், நான் காரின் முன் திடீரென்று வந்து நின்றேனா, கார் வேகம் குறைக்காமல் திரும்பியதா என்பதைக் காட்டும் பதிவு எனக்கு வேண்டும். அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

கார் ஓட்டுநருடையது அல்ல, தினவாடகைக்கு எடுத்தது. உரிமையாளர் கைப்பேசியை எடுப்பதில்லை. டேஷ்போர்டில் இருந்த பாலிசி நகல் பழையது. வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் காப்பீடு நடப்பில் இருப்பது தெரிகிறது. பாலிசியின் நிபந்தனைகள் தெரிவதில்லை. நடப்பு பாலிசியைப் பதிவேற்றாத காரை உங்கள் செயலி ஓட விடாது என்று ஓட்டுநரே சொன்னார். அப்படியானால் அது உங்களிடம் இருக்கிறது.

எனவே நான் கேட்பவை இவை. அந்தக் காரின் நடப்புக் காப்பீட்டு பாலிசி, ஆர்.சி., பர்மிட், தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் நீங்கள் வைத்திருக்கும் நகல்களை எனக்கும் வழக்கை விசாரிக்கும் காவல் நிலையத்துக்கும் தர வேண்டும். அன்று காலை முதல் ஓட்டுநர் லாகினில் இருந்த நேரம், மாலை 6.30 முதல் 7.00 மணிவரை அவருக்குச் சென்ற சவாரி அழைப்புகள் நொடிக் கணக்கோடு, அவர் திரையைத் தொட்ட நேரங்கள், காரின் ஜி.பி.எஸ். தடமும் வேகமும் ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாத்து, பாதுகாக்கப்பட்டுள்ளதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். இவை ஓட்டுநரின் தனிப்பட்ட தகவல்கள், என்னிடம் தர இயலாது என்று நீங்கள் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் இருப்பதாக ஒப்புக்கொள்வேன். காவல் துறையிடமும் தீர்ப்பாயத்திடமும் தாருங்கள். தராவிட்டால், உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்களை 169-ஆவது பிரிவு தீர்ப்பாயத்துக்கும் கொடுத்திருக்கிறது. ஆவணங்களை வரவழைக்க அங்கே மனு போடுவேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு பதிவுகள் அழிந்திருந்தால், அதையும் அங்கே சொல்வேன்.

காரில் அடிபட்டவர் புகார் தரும் ஒரு பகுதியைச் செயலியில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறேன். உங்கள் கணக்கே இல்லாதவர்களும் நடந்துதான் போகிறார்கள். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப் பழைய பயணம்கூட இருக்காது.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் குறைதீர்ப்பு அலுவலரைப் பணிக்கின்றன. என்னால் ஒரு மாதம் காத்திருக்க முடியாது. பதிவுகளைப் பாதுகாத்ததற்கான உறுதி ஏழு நாட்களுக்குள் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே, உங்கள் மூன்று பதில்களின் அச்சுப் படிகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படும் இந்தப் புகாருக்குப் பயண எண் கிடையாது. அதைக் கேட்டு மறுபடியும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)