வாகன ஆலைகளில் கைமாறாத அறிவு: ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க வணிக, தொழில், போட்டித் துறை அமைச்சகத்துக்கு,

வணக்கம். டர்பன் தெற்கில் வாகன ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் தமிழர்கள் எழுதுகிறோம்.

2035-க்குள் இங்கே தயாராகும் வண்டிகளில் உள்நாட்டுப் பங்கு 60 விழுக்காடு ஆக வேண்டும் என்கிறது உங்கள் வாகனத் தொழில் பெருந்திட்டம். நல்ல இலக்கு. ஆனால் அந்த 60-ஐப் பொருளின் மதிப்பில் அளக்கிறீர்கள். பன்னாட்டு நிறுவனம் தன் அறிவைக் கொடுத்ததா என்பது அதில் தெரியாது.

ஒரு வெல்டிங் ரோபோவைப் பாருங்கள். மின்சாரம் அணைந்திருக்கும்போது மூட்டுகளின் நிலையை நினைவில் வைத்திருப்பது, பல மாடல்களில், ஒரு சின்ன பேட்டரிதான். ஆலையை ஆண்டு இறுதியில் மூடும் டிசம்பர் மூடலில் வாரக்கணக்கில் மெயின் அணைந்து கிடந்தால், ஏற்கெனவே வலுவிழந்த பேட்டரி செத்துவிடும். அதை முன்கூட்டியே மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில மாடல்களில் அவசர நிறுத்தப் பட்டனை அழுத்திவிட்டு, கன்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ‘எதைத் தொட்டாலும் முதலில் மின்சாரத்தை அணை’ என்று ஒழுங்காகப் படித்த பையன் அணைத்துவிட்டுத்தான் மாற்றுவான். ஆறு அச்சுகளும் தம் பூஜ்ஜியத்தை, அதாவது நிலையை அளக்கத் தொடங்கும் புள்ளியை, இழந்துவிடும். பிறகு மூட்டுகளில் உள்ள குறிகளைக் கண்ணால் கோட்டுக்குக் கோடு சேர்த்து நிறுத்தும்போது அரை டிகிரி பிசகினாலும், 2 மீட்டர் கையின் நுனியில் அது 17 மில்லிமீட்டர். வெல்டிங் தகட்டின் விளிம்பைத் தாண்டி விழும். ரோபோவைப் பொருத்திய நாளில் பதிந்த, பூஜ்ஜிய நிலையைக் காட்டும் குறிப்பு எண்கள் கையில் இருந்தால் இந்தப் பாடு இல்லை. அவை பெரும்பாலும் பொருத்தி முடித்துவிட்டு விமானம் ஏறிப்போன வெளிநாட்டுப் பொறியாளரின் லேப்டாப்பில் இருக்கின்றன. ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் நிரலுக்கான கடவுச்சொல்லும் அப்படியே.

சம்பளச் செலவில் 1 விழுக்காடு திறன் மேம்பாட்டு வரி கட்டும் நாடு இது. பயிற்சி அறிக்கையில் எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்று இருக்கும். எத்தனை பேரால் தனியாக அந்த பேட்டரியை மாற்ற முடியும் என்று இருக்காது.

எனவே வாகன நிறுவனங்களுக்கு நீங்கள் கொடுக்கும் ஊக்கத்தொகைக்கு இவற்றை நிபந்தனையாக்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ரோபோ பேக்கப், குறிப்பு எண்கள், விளக்கக் குறிப்புகளோடு பிஎல்சி மூல நிரல், கடவுச்சொற்கள் எல்லாம் ஆலையின் கைக்கு வர வேண்டும். வெளிநாட்டுப் பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, உள்ளூர் ஆட்கள் பேட்டரியை மாற்றி, ஒரு ரோபோவின் பூஜ்ஜியத்தை மீட்டு, பேக்கப்பிலிருந்து நிரலை ஏற்றிக் காட்ட வேண்டும். இதுதான் முக்கியம், காகிதத்தை மட்டும் வாங்கி அலமாரியில் வைப்பதால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது.

அவர் ஊர் திரும்பிய பிறகு அதே சோதனையை இன்னொரு முறை நடத்துங்கள். அது ஜனவரியில், மூடல் முடிந்து ஆலை திறக்கும் முதல் நாளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
டர்பன் பராமரிப்புத் தொழிலாளர்கள்