எழுதினார்கள், கிழித்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐம்பதுகளின் மும்பைத் தமிழர் வாழ்க்கை பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாட்டுங்காவில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள்தான் ஆதாரம். கடிதங்கள் அருமை, தலைப்புதான் உறுத்துகிறது. ஒரு குமாஸ்தா குடும்பத்தின் கதை எப்படி மும்பைத் தமிழர் எல்லோருடைய கதையும் ஆகும்? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை.

நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளி. 1963இல், பன்னிரண்டு வயதில், எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். பக்கத்து வீட்டு அத்தை வாசற்படியில் உட்கார்ந்து சொல்லுவார்: "மாமா குடிப்பதை எழுதிவிடாதே. தபால்காரர் திண்ணையில் வைத்துத்தான் வாசிப்பார், தெருவே கேட்கும். சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று போடு." போட்டேன். அந்த இன்லேண்டு லெட்டர் இன்று ஓர் ஆய்வாளர் கையில் சிக்கினால் என்ன முடிவுக்கு வருவார்?

'அக்காலத்தவர் மரணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை' என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். எழுதினார்கள் ஐயா, கிழித்தார்கள். துக்கச் செய்தி வந்த கடிதத்தை வீட்டில் வைத்துக்கொள்வது நம்மிடம் வழக்கமா என்ன?

சமூகவியலாளர்கள் தாமஸும் ஸ்னானியெட்ஸ்கியும், போலந்து விவசாயக் குடும்பங்களும் அமெரிக்காவில் குடியேறிய அவர்கள் உறவினர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கொண்டு 1918 முதல் வெளியிட்ட ஆய்வைக் கட்டுரையாளர் முன்மாதிரியாகச் சொல்கிறார். அவர்கள் சிகாகோவில் பத்திரிகை விளம்பரம் கொடுத்துக் காசுக்கு வாங்கிய கடிதங்கள் அவை. அம்மா எழுதியதை விற்க மனம் வராதவர்களின் கடிதங்கள் அதில் எப்படி இருக்கும்?

என்னிடம் கடிதம் எதுவும் இல்லை. அப்பாவின் தகரப் பெட்டியில் மணியார்டர் ரசீதுகள் இருக்கின்றன. பணம் கிடைத்ததற்கு ஆச்சி வைத்த கைநாட்டோடு ஊரிலிருந்து திரும்பி வந்தவை. மாதம் தவறாமல் இருக்கும். 1965இல் மட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்றுமில்லை. அப்போது ஆலை மூடிக் கிடந்தது. அந்த நான்கு மாதமும் 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் அப்பா என்னை எழுதச் சொன்னார்.

கட்டுரையாளர் வந்தால் பெட்டியைக் காட்டுகிறேன். மழைக்கு முன் வரட்டும், அடித்தகரம் துருப்பிடித்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தாராவி, மும்பை.