ஞாயிறு காலை 6 மணி: திடல் வேலை, மண்வெட்டியோடு வரவும்

எல்லாருக்கும் வணக்கம். கால்பந்துக் கழகத்தைச் சங்கமாகப் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஆதார் நகலை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஏரிப் புறம்போக்கில் திடல் போடலாம் என்ற பேச்சு வேண்டாம். நீர்நிலை நிலத்தை எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள்.

திடல் எழுவர் ஆட்டத்துக்கு: 55 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். நீளவாக்கில் நடுப்பகுதி இரண்டு ஓரங்களையும்விட 18 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் கோல் முன்னால் குட்டைதான். மேலே சலித்த செம்மண் போதும். ஏரி வண்டல் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்: ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும்.

நெருஞ்சியைக் காய் முற்றும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். முற்றிய காய் நான்கைந்தாகப் பிளந்து மண்ணில் கிடக்கும். வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்குத்தான் வலி.

கோடு போட சுண்ணாம்பு கூடவே கூடாது, கண்ணில் பட்டால் வெந்துவிடும். சாக்பீஸ் பவுடர் வாங்குவோம். கோல் போஸ்ட்டின் பின்சட்டத்தில் மணல் மூட்டை கட்டாமல் ஆட்டம் இல்லை. தொங்கும் பிள்ளை மேலேயே போஸ்ட் கவிழும்.

வாசல் படி 30 செ.மீ. உயரம். சக்கர நாற்காலி ஏற 3.6 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். குறைத்தால் பின்னால் ஆள் தள்ள வேண்டிவரும். பெண் பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 6.30 வரை, கழிப்பறை விளக்கு எரிந்த பிறகே தொடக்கம். இந்த நேரத்தைப் பெரியவர்கள் மேட்ச்சுக்காகக் கேட்க வேண்டாம்.

பந்து: 9 வயதுக்குள் 3ஆம் எண், 10 முதல் 13 வரை 4.