எம்டன்ல செண்பகராமன் வரல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற 'வரலாற்றில் இன்று' பாக்ஸை விடாம படிக்கிற ஆளு நான். செப்டம்பர் 22க்கு, முதல் உலகப் போர்ல நம்ம மெட்ராஸ் மேலயே குண்டு விழுந்த நாளுக்கு, அந்தக் குண்டைப் போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை ஒரே வரியில முடிச்சிட்டீங்க, சரி இடம் பத்தலன்னு விட்டுடலாம், ஆனா அந்த ஒத்த வரியிலயும், வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நம்ம விடுதலைக்குப் பாடுபட்ட செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தார்னு போட்டிருக்கீங்களே, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

இது வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல சுத்துற கதை சார். 1914 செப்டம்பர்ல அவர் சுவிட்சர்லாந்துல இருந்தாரு, ஜூரிச்ல கமிட்டி ஆரம்பிச்சு வேலை பாத்துட்டு இருந்தாரு, அப்புறம்தான் பெர்லினுக்கே போனாரு. எம்டனோ சீனா பக்கத்துலேர்ந்து கிளம்பி பசிபிக் வழியா வங்கக் கடலுக்கு வந்த கப்பல், நடுவுல எங்க ஏறியிருப்பாரு சொல்லுங்க? இந்தக் கதை இல்லாட்டியும் அவர் பெரிய ஆள்தான்.

அன்னிக்கு ராத்திரி ஒன்பதரை வாக்குல ஹார்பருக்கு வெளிய வந்து நின்னு, எம்டன் கேப்டன் முல்லர் சர்ச்லைட் போட்டு பர்மா ஆயில் கம்பெனி டேங்கைப் பாத்து அடிச்சாரு, அரை மணி நேரத்துக்குள்ள நூத்துக்கு மேல குண்டு, எண்ணெய் பத்திக்கிட்டு எரிஞ்சுது. கரையிலேர்ந்து திருப்பிச் சுட்டதுல ஒண்ணு கூட கப்பல் மேல படல. (அதுக்கு மூணு புகைபோக்கிதான், நாலாவதா ஒரு டம்மியை நிக்க வெச்சு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் கட்டும், பலே கில்லாடி.) எண்ணெய் எரியிறதை விட, வெள்ளைக்காரனால நம்மளைக் காப்பாத்த முடியாதுன்னு ஜனம் நினைக்கணும், அதான் முல்லரோட கணக்கு. அது பலிச்சுது, ஜனம் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிட்டு ரயிலேறிடுச்சு.

இன்னொண்ணு, அதே தேதியில காலையில வட கடல்ல யூ-9ன்னு ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒண்ணு பின்னால ஒண்ணா மூணு பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பலை மூழ்கடிச்சுது, 1,400 பேருக்கு மேல செத்தாங்க. பசிபிக்ல தாகித்தித் தீவுல பபேட்டே ஊர் மேல ரெண்டு ஜெர்மன் கப்பல் குண்டு போட்டுது, எம்டன் எந்தக் கூட்டத்துலேர்ந்து பிரிஞ்சு வந்துச்சோ அதே கூட்டத்துக் கப்பல்தான் ரெண்டும். மூணு கடல்ல ஒரே தேதி! இதைப் போட்டிருந்தா பாக்ஸ் எப்படி இருந்திருக்கும்.

அடுத்த வருஷமாவது ஹைகோர்ட் சுவர்ல குண்டு விழுந்த இடத்துல பதிச்சிருக்கிற கல்லை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, அந்தப் பக்கம் டெய்லி நடக்கிறவங்கள்லயே பாதி பேருக்கு அது என்னன்னு தெரியாது. அதுக்கு முன்னால நவம்பர் 9 வருது, கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் எம்டனை அடிச்சு நொறுக்கின நாள். அதுலயாவது செண்பகராமனை ஏத்தி விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
ராயபுரம், சென்னை