அவன் உன் முகத்தைத்தான் வாசிக்கிறான்

அன்புள்ள கண்மணி,

வட்டார வள மையத்தில் உனக்குச் சிறப்புப் பயிற்றுநர் வேலை, பள்ளி பள்ளியாகப் போய்க் கற்றலில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை, கிடைத்த சேதியை அமுதா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சரி, ஆறு மாதமாகப் பதில் போடாதவளுக்குக் கோபப்பட உரிமை இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவன் ஒன்பதாவது. எனக்கு வழக்கம்போல் மூக்கடைப்பு. குசலம் முடிந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பதிவில் இன்னும் 'அரும்பு', அதாவது முதல் படிநிலை. ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் முதல் மூன்று பாடத்தைத் தடதடவென்று வாசிக்கிறான், என்ன குறை என்று புரியவில்லை என்கிறாய். குறையை அப்புறம் பார்ப்போம்டி. முதலில் அவன் வாசிக்கிறானா என்று பார். பாடத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேள். மனப்பாடம் என்றால் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிடுவான்.

அதற்கும் முன்னால் காதும் கண்ணும். உன் வாயை நோட்டால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் பத்துச் சொல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல். பலகையில் இருப்பதைப் பின் வரிசையிலிருந்து ஒருமுறை, முன் வரிசையிலிருந்து ஒருமுறை எழுதவை. சந்தேகம் வந்தால் மருத்துவ முகாமுக்கு அனுப்பு. 'கற்றல் குறைபாடு' என்ற சொல்லை அவன் அம்மாவிடம் முதல் நாளே போட்டு உடைத்துவிடாதே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்றுதான். ஆனால் சான்று தருவது நீயும் நானும் இல்லை. அதற்கான பரிசோதனையே மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயதுவாக்கில்தான் தொடங்குகிறது. பாடம் நடத்த அந்தத் தாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்து, எங்கே இடறுகிறான் என்று கண்டுபிடி. 20 நிமிடம் போதும். எழுத்துகளை வரிசை கலைத்து எழுது. அ, ஆ, இ, ஈ என்று போனால் பாட்டாகப் பாடிவிடுவான். பிறகு ஐந்து ஐந்து சொல்லாக ஏற்று. முதலில் படம், மரம், கடல், வயல் மாதிரி, புள்ளி தவிர வேறு குறி எதுவும் இல்லாதவை. அப்புறம் கால் போட்டவை, அப்புறம் இகர ஈகாரம். உகரம் வந்ததும் பாதிப் பிள்ளைகள் விழும். கால் எங்கே போட்டாலும் கால்தான், உகரம் அப்படியில்லையே. சு, பு, யு, வு, ஙு ஒரு மாதிரி கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும். து, நு, ணு, னு, லு, று, ஞு வேறு குடும்பம். பதினெட்டையும் அகர வரிசையில் சொல்லித்தராமல் இந்த மூன்று குடும்பமாகப் பிரித்துக் கொடு, பாரம் பாதியாகக் குறையும்.

கொம்பு இன்னொரு வில்லங்கம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் வருவதோ மெய்க்குப் பின்னால். 'கொடி'யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடு. ஒரு வரி உயரத்துக்கு, 'கொ' முழுதாகத் தெரியும் அகலத்தில் சின்ன ஜன்னல் வெட்டு. கத்திரிக்கோல் போட்டால் மூலை கிழியும், பிளேடும் ஸ்கேலும் வைத்து வெட்டு. இடமிருந்து வலமாக ஒரு எழுத்து ஒரு எழுத்தாக நகர்த்தினால், கொம்பை மட்டும் பார்த்துவிட்டு அவன் ஊகிக்க வழியில்லை. 'கௌதாரி'யைக் 'கெள' என்று படித்தால் திட்டாதே. அந்த ள, எழுத்தா குறியா என்று பார்த்து யாரால் சொல்ல முடியும்?

பிழை எண்ணும்போதும் கவனம். 'காகம்' நடுவில் இருக்கும் க-வை அவன் வல்லினமாகவே அழுத்திச் சொன்னால், எழுத்தைச் சரியாகப் படித்திருக்கிறான் என்று பொருள். ஊர்ப் பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றுதான் என்றால், 'பழம்' 'பளம்' ஆவதும் வாசிப்புப் பிழை இல்லை. எழுதும்போது வரும் குழப்பம் வேறு கணக்கு.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த விஷயம். ஐ.இ.பி. படிவத்தில், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று போடும் தனிக் கல்வித் திட்டத்தில், 'வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்' என்று மட்டும் எழுதிவைக்காதே கண்மணி. அதை எதை வைத்து அளப்பாய்? '12 வாரத்தில், முன்பு பார்த்திராத, காலும் இகரமும் வரும் 10 சொல்லில் 8-ஐத் துணையின்றி, தொடர்ந்து மூன்று வருகைகளில் வாசிப்பான்' என்று எழுது. இதில் உயிர் 'துணையின்றி' என்ற சொல்லில்தான். நாம் எல்லாரும் தெரியாமலே துணை கொடுக்கிறோம். அட்டையை நீட்டும்போதே உதடு 'ப'வுக்கு ஒட்டிக்கொள்கிறது. சரி என்றால் புருவம் ஏறுகிறது, தப்பு என்றால் 'ம்ம்?' என்கிறோம். அட்டையில் ஒரு படம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை கிசுகிசுக்கிறாள். பையன் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, உன் முகத்தைத்தான் வாசிக்கிறான். அதில் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். பதிவேட்டில் பத்துக்குப் பத்து ஏறும். நீ வராத நாளில் பத்துக்கு இரண்டு. கையைப் பிடித்தே எழுதவைத்த பிள்ளைக்கும் இதே கதி. எழுதியது நம் கை.

அதனால் அட்டையில் படம் வேண்டாம். நீ எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார். புது எழுத்து என்றால் முதல் இரண்டு சுற்று நீயே உடனே சொல்லிவிடு, தப்பாக ஊகிக்க இடம் கொடுக்காதே. மூன்றாவது சுற்றிலிருந்து 3 நொடி பொறு. வரவில்லையென்றால் முதல் ஒலி மட்டும் கொடு. அதற்கும் வரவில்லையென்றால் முழுதாகச் சொல். ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்: தானாகச் சொன்னால் 'த', ஒலி கொடுத்தால் 'ஒ', சொல்லிக்கொடுத்தால் 'சொ'. வருகைக்கு ஒரு புள்ளியாக வரைபடத்தில் ஏறுவது 'த' மட்டும். அதில் இன்றைய நிலையிலிருந்து 12 வார இலக்குக்கு ஒரு கோடு இழுத்துவை. நான்கு புள்ளி தொடர்ந்து அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் முறையை மாற்று. பையனை மாற்ற முடியாது.

பத்து அட்டையில் எட்டு தெரிந்தது, இரண்டு புதிது. இதற்குமேல் புதிது போட்டால் அவனுக்குச் சலிப்பு வரும், அப்புறம் வயிற்றுவலி வரும். நடுவில் புளியங்கொட்டை: மூன்று கட்டம் வரைந்து ப-ட-ம் என்று ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தவை. பிறகு ட-வை எடுத்து ழ வைத்தால் என்ன என்று கேள். மொத்தம் 20 நிமிடம். விளையாட்டு பீரியடில் கூப்பிட்டாயானால் உன்னைப் பார்த்ததுமே கழிவறைக்கு ஓடுவான்.

உன் பெரிய தலைவலி வேறு. ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒருநாள் போனாலே அதிகம். மற்ற நாலு நாளை ஓட்டுவது வகுப்பாசிரியர். அவரிடம் பத்துப் பக்கம் அறிக்கை கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும். அரைத் தாளில் மூன்றே வேலை எழுது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அவர் மேசையிலேயே வை. "உங்களால்தான் சார் இவன் வாசிக்கிறான்" என்று தலைமையாசிரியர் காதில் விழும்படி ஒருமுறை சொல். பொய்யில்லை, பாதி உண்மை.

தொகுப்பூதியம், பஸ் செலவு பற்றியெல்லாம் எழுத ஆரம்பித்தால் இன்னொரு இன்லண்டு வேண்டும். பள்ளிக்கு வர முடியாத, வீட்டுவழிப் பயிற்சிப் பிள்ளைகள் பற்றி அடுத்த கடிதத்தில்.

அந்தப் பையனிடம் பின்னோக்கிக் கேட்டுவிட்டு, எந்தச் சொல்லில் நின்றான் என்று எழுது. வெறுமனே 'நின்றுவிட்டான்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். சொல் வேண்டும்.

உன்,
சாந்தி