பேச்சிக்கு: சுப்பு மகள் விஷயம்

ஏட்டி பேச்சி,

நலம்தானே? அண்ணனுக்குச் சுகர் குறைந்ததா? இங்கே அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. குறுக்குத்துறை மண்டபப் படியில் உட்கார்ந்து அரட்டை அடிக்க நீதான் இல்லை.

கார்த்திக்குப் பத்தாவது முடிந்ததும் போன் வாங்கித் தரப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் இதை உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. நம்ம சுப்பு மகள் வர்ஷினி விஷயம். சுப்பு உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, பிள்ளைக்கு வயிற்றுவலி என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வயிற்றுவலியில் ஆரம்பித்தது என்னவோ உண்மைதான். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அவள் மாமியார் கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டார், டவுனில் யாரிடமோ கூட்டிப்போய்த் திருநீறு போட்டு வந்தார்கள். அப்புறம் தலைவலி, அப்புறம் தூக்கம் வரவில்லை, அப்புறம் டியூஷனுக்கே போகமாட்டேன் என்று அழுகை. அந்தச் சமயத்தில்தான் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுப்பு எல்லாருக்கும் இட்லி வைத்தாள். பிள்ளை இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள், பேச்சி. ஒவ்வொரு வாய்க்கும் கை மேலே போகிறது, விழுங்கினதும் இறங்குகிறது, யாராவது பார்க்கிறார்களா என்று கண் ஒரு சுற்று சுற்றுகிறது. இவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று நீ கேலி பண்ணுவாயே, அந்தப் பிள்ளைதான். எனக்குப் பகீர் என்றது. மாடிக்குக் கூட்டிப்போய் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவளாகவே கேட்டாள்: "சித்தி, என் பல்லு அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

நடந்தது இதுதான். ஆண்டு விழாவில் அவள் பாடியதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் வாய் முழுக்கத் திறந்திருக்குமே, அந்த நொடியை நிறுத்தி, முகத்தை மட்டும் வெட்டி, தெத்துப்பல்லைப் பெரிதாக்கி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்கிவிட்டார்கள். முதலில் வகுப்பு குரூப்பில், பிறகு டியூஷன் குரூப்பில். ஒருத்தி காலை வணக்கம் போட்டால் பதிலுக்கு இவள் முகம், ஒருவன் மார்க் குறைந்துவிட்டது என்றால் அதற்கும் இவள் முகம். டியூஷன் குரூப்பில் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாக எங்கெங்கோ போய், பாளை பஸ் ஸ்டாண்டில் முன்பின் பார்த்திராத ஒருவன் இவளைப் பார்த்ததும் வாயை அப்படித் திறந்து காட்டியிருக்கிறான். அது போதாதென்று இன்ஸ்டாகிராமில் பள்ளிக்கூடத்தின் பேரைப் போட்டு ரகசியம் சொல்கிற பக்கம் ஒன்று இருக்கிறது, நடத்துவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் பேரிலும் ஒன்று ஓடுகிறது. அதில் இவள் படத்தைப் போட்டு, இந்தப் பல்லைக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். வாக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகள்.

பட்டப்பேர் வைப்பது எல்லாக் காலத்திலும் உண்டே, இதுக்குப் போய் இவ்வளவா என்று உனக்குத் தோன்றலாம். சுப்பு வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். ஹாஸ்டலில் உன்னை ஒட்டகம் என்று கூப்பிட்டு என்ன பாடு படுத்தினார்கள்! ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறிவிட்டால் உன்னை ஒட்டகம் என்று கூப்பிட ஆள் கிடையாது. சேரன்மகாதேவி தாண்டும்போதே உன் முகம் மாறிவிடும், கடையம் வரும்போது நீ சிரிக்கத் தொடங்கியிருப்பாய். இந்தப் பிள்ளைக்கு இறங்கிப்போக அப்படி ஒரு ஊர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டாலும் அது கூடவே வீட்டுக்கு வருகிறது, பாயில் தலைமாட்டில் படுத்துக்கொள்கிறது.

இதைப்பற்றி நிறைய வாசித்தேன், ஒன்றிரண்டு சொல்லுகிறேன். நார்வே நாட்டில் டான் ஓல்வேயஸ் என்று ஒரு உளவியல் அறிஞர், பிள்ளைகளுக்கு இடையே நடக்கும் கொடுமையை 1970களிலிருந்தே ஆராய்ந்தவர். அங்கே 1982 கடைசியில் மூன்று பையன்கள் உயிரை விட்ட பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு அடுத்த வருடம் நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. விளையாட்டுச் சண்டைக்கும் கொடுமைக்கும் அவர் சொல்லும் வித்தியாசம் மூன்று: புண்படுத்த வேண்டும் என்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. போனில் இந்த இரண்டாவது விஷயம் தலைகீழாகிவிட்டது பார். ஸ்டிக்கர் செய்தவள் ஒரே தடவைதான் அனுப்பினாள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மற்ற எல்லாரும் அவளுக்காகச் செய்தார்கள். அதனால் யாரைக் கேட்டாலும் நான் சும்மா ஒருதரம் பார்வேர்ட் பண்ணினேன் என்கிறார்கள், அது பொய்யும் இல்லை. அவளுக்கு மட்டும்தான் அது நூறு தரம்.

இன்னொன்று. 2003-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள், சயின்ஸ் இதழில் வந்தது. ஆளை மூளை ஸ்கேன் எந்திரத்தில் படுக்கவைத்து கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டு. வேறு இரண்டு பேர் கூட விளையாடுகிறார்கள் என்று சொல்லுவார்கள், உண்மையில் இருப்பது கம்ப்யூட்டர்தான். கொஞ்ச நேரம் மூவரும் பந்தை மாற்றி மாற்றிப் போடுவார்கள், பிறகு அந்த இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள், இவருக்குப் பந்தே வராது. அவ்வளவுதான் நடக்கிறது. அதற்கே, உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி ஒன்று வேலை செய்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கே முகம் தெரியாத ஆளிடம் இப்படி என்றால், பதினைந்து வயதில், கூடப் படிக்கிற நாற்பது பேரும் சேர்ந்து செய்தால்? அந்த வயதில் தோழிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதானே உலகம். நிதானத்துக்கான மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறதாம். வயிற்றுவலி நடிப்பு என்று அந்தப் பிள்ளையின் பாட்டி சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நடிப்பு இல்லை பேச்சி, அது உண்மையான வலி. யுனிசெஃப் 2019-இல் 30 நாடுகளில் இளம்பிள்ளைகளைக் கேட்டதில், மூன்றில் ஒருவர் இணையத்தில் இப்படி அகப்பட்டிருக்கிறார், ஐந்தில் ஒருவர் அதனாலேயே பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருக்கிறார்.

சரி, அப்புறம் என்ன நடந்தது என்று கேள். அவள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கே, "இந்தச் சனியன் இருக்கிறதாலதானே" என்று போனைப் பிடுங்கித் தரையில் அடித்துவிட்டார். பாசத்தில் செய்ததுதான், மகள் அழுவதைப் பார்க்கச் சகிக்காத மனுஷன். ஆனால் என்ன ஆயிற்று? யார் என்ன அனுப்பினார்கள் என்பதற்கு இருந்த ஆதாரம் எல்லாம் போனோடு போய்விட்டது. முன்பாவது என்ன பேசுகிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும், இப்போது தெரியாமல் என்னவெல்லாம் பேசுகிறார்களோ என்று கற்பனை பண்ணியே துடித்தாள். ஆறுதலாகப் பேசுகிற ஒரே ஒரு தோழியும் அந்தப் போனில்தான் இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேல், இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி ஒரு பாடம் படித்திருப்பான், நமக்கு ஒன்று என்றால் வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று. "மொதல்லயே ஏன் சொல்லல?" என்று நான் கேட்டதற்கு வர்ஷினி சொன்ன பதில்: "சொன்னா அப்பா போனப் புடுங்கிருவாவ சித்தி." என் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. பிள்ளைகள் வாயை அடைக்கிறது அந்தப் படம் அனுப்புகிறவர்கள் மட்டும் இல்லை, நாமும்தான்.

நம்ம ஜில்லாவில் இது வெறும் கேலியோடும் நிற்பதில்லை. பையன்கள் வைக்கிற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம், பாட்டு, படம், அரிவாள். ஒருவனுடைய போட்டோவுக்குக் கீழே அவன் ஊர்ப் பேரை மட்டும் எழுதினால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். ப்ளஸ் டூ படித்த பையன், கூடப் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்தான், விஷயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்து விசாரித்தார்கள், அதன் பிறகு ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார், சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற கலர் கயிறு வரை எழுதியிருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஒரு பிள்ளை என்னிடம் வந்து சொன்னால் நான் முதலில் பயப்படுவது அந்தப் பிள்ளைக்காகத்தான். எல்லார் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு, இவனைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கிக்கொள்ளுங்கடா என்பது விசாரணை ஆகாது. சொன்னவன் பேர் வெளியே வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. இதை நான் ஸ்டாப் ரூமில் சொன்னால் பாதிப்பேர் டீ குடித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

இங்கே என்ன செய்தோம் என்றால், அந்தத் தோழியின் போனிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், கணக்கின் பேர், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி. பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் புகார் கொடுத்தோம். நானும் சுப்புவும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினோம், சொன்னவள் பேர் வெளியே வரக்கூடாது என்று எழுதி வாங்காத குறைதான். பக்கம் போய்விட்டது. ஸ்டிக்கர் போகவில்லை, எத்தனை பேர் சேமித்து வைத்திருக்கிறார்களோ.

செய்தவள் யார் என்று தெரிந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வர்ஷினியோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்த பிள்ளை. பேசிப் பார்த்தேன். முதலில் முறைத்தாள், பிறகு வெடித்தாள்: "என்னைய கருவாச்சின்னு ஆறாப்புலேர்ந்து சொல்லுதாளுவ, அதுக்கு யாரு வந்து கேட்டீங்க?" யாரும் கேட்கவில்லைதான். கொடுமை அனுபவித்து, தானும் அதையே செய்கிற பிள்ளைகள்தான் எல்லாரிலும் அதிகமாக மனம் உடைகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவள் வீட்டிலும் நான் பேசியிருக்கிறேன். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்ப வேண்டும் என்று சுப்பு வீட்டுக்காரர் நிற்கிறார், எனக்கு அதில் சம்மதம் இல்லை.

இப்போது கார்த்தி. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்களில் கணக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கேயும் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாட்ஸ்அப் அந்தத் தடையில் இல்லை, வர்ஷினிக்கு எல்லாம் ஆரம்பித்தது வாட்ஸ்அப்பில். அதனால் போன் வாங்கிக் கொடு, வாங்கிக் கொடுக்கும் அன்றைக்கே ஒரு வார்த்தை கொடு: என்ன வந்தாலும், தப்பு அவன் பேரிலேயே இருந்தாலும், வந்து சொன்னால் போனைப் பிடுங்கமாட்டேன் என்று. அண்ணனும் சேர்ந்து கொடுக்க வேண்டும். ராத்திரி எல்லார் போனும், உன் போனும் உட்பட, கூடத்தில் இருக்கட்டும். ஏதாவது நடந்தால் அழிக்காமல் முதலில் ஸ்கிரீன்ஷாட். 1098 குழந்தைகளுக்கான எண், 14416 மனநல ஆலோசனைக்கு, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் எழுதலாம், ஜில்லாவுக்கு ஜில்லா சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. கடவுளே என்று நடக்கக்கூடாது, யாராவது பிள்ளையின் படத்தை ஆபாசமாக மாற்றிவிட்டால் பயந்து பணம் கொடுக்கவே கூடாது. அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இருக்கிறது, பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற போக்சோ சட்டம் இருக்கிறது. டேக் இட் டவுன் என்று ஒரு இலவச சேவையும் இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், நம்ம போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண் அடையாளம் போட்டு, அதை மட்டும் நிறுவனங்களுக்குக் கொடுத்து எடுக்க வைக்கும். இந்த எண்ணையெல்லாம் இன்றைக்கே குறித்து வை.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். வர்ஷினி இப்போது பல்லுக்குக் கிளிப் போட்டே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம், சுப்பு நகையை வைத்தாவது போடுகிறேன் என்கிறாள். பிள்ளைக்குப் பிறகு ஒருநாள் ஆசைப்பட்டால் போடட்டும், இந்தக் காயம் ஆறுவதற்குள் வேண்டாம், முதலில் ஒரு நல்ல மனநல டாக்டரிடம் காட்டுவோம் என்று நான் சொன்னேன். பைத்தியமா என் பிள்ளைக்கு என்று என்மேல் பாய்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், அவள் கல்யாணத்தையே நீ சொல்லித்தானே ஒப்புக்கொண்டாள். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அவள் வீட்டுக்காரர் கடையில் இருப்பார், அதற்குள் கூப்பிடு. என்னிடம் விஷயம் கேட்டதாகவே சொல்லு, மறைக்க வேண்டாம். பேசிவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

உன்
செண்பகம்