பொங்கல் விழாவில் இன்னொரு மேசை போடுங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் சங்க விழாக்களில் வீட்டுத் தரகருக்கு ஒரு மேசை உண்டு. காப்பீட்டு முகவருக்கு, புடவைக் கடைக்கு, தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைக்கும் உண்டு. அவற்றோடு இன்னொரு மேசை போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஃபெடரல் அரசின் துறைகள் போடும் விதிகளுக்கு எப்படிப் பதில் எழுதுவது, யாரிடம் முறையிடுவது என்று நம் மக்களுக்குச் சொல்லித்தரும் மேசை.

2025 அக்டோபர் 30 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். அதுவரை, இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்தவர்களில் பல பிரிவினர், புது அட்டை கைக்கு வரும்வரை 540 நாட்கள் வரை பழைய அட்டையை வைத்தே வேலையைத் தொடரலாம். அன்று முதல் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு இல்லை என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரப்படும் ஹெச்-4 விசாவில் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்களும் இதில் அடக்கம். அட்டை தாமதமானால் அவர்கள் வேலை நின்றுவிடும்.

இதைச் செய்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இல்லை. வாக்கெடுப்பும் நடக்கவில்லை. ஒரு துறை, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் விதியை வெளியிட்டது, அமலுக்குக் கொண்டுவந்தது, அதன் பிறகு டிசம்பர் 1 வரை கருத்துச் சொல்லலாம் என்றது. அந்த ஒரு மாதமும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. அங்கே சொல்லப்பட்ட இழப்புகள், கணக்குகள், கேள்விகளில் பெரும்பகுதி அரசின் கோப்புக்குப் போகாமல் குழுவுக்குள்ளேயே தங்கிவிட்டன என்பதுதான் என் ஆதங்கம்.

ஹெச்-4 துணைவர்களில் தகுதி உள்ளவர்கள் வேலை செய்யலாம் என்பதே ஒரு துறை விதிதான். காங்கிரஸ் சட்டத்தைப் பொதுவாக எழுதிவைக்கும். அதற்குள் அன்றாட விவரங்களை நிரப்புவது துறைகள். 2014 மே மாதம் இந்த விதியின் முன்மொழிவு வந்தபோது ஏறக்குறைய 13,000 பேர் கருத்து எழுதினார்கள். துறை அவற்றைப் படித்து, முக்கியமான வாதங்களுக்குப் பதில் சொல்லி, 2015 பிப்ரவரியில் இறுதி விதியை வெளியிட்டது. மே 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. படித்த படிப்பு வீணாகிறதே என்று வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவர்கள் அதன் பிறகுதான் வேலைக்குப் போனார்கள்.

அப்புறம் 2017-இல் அதே துறை இந்த விதியை நீக்கப்போவதாக அறிவித்தது. நீக்குவதற்கான வரைவு 2019 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் நிதிநிலை மேலாண்மை அலுவலகத்துக்குப் பரிசீலனைக்குப் போனது. பொதுமக்கள் பார்வைக்கு வெளியே வராமலே, 2021 ஜனவரியில் ஆட்சி மாறியதும் திரும்பப் பெறப்பட்டது. ஒரே கையெழுத்தில் ஏன் நீக்க முடியவில்லை? 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் இருப்பதால்தான். அறிவித்து, கருத்துக் கேட்டு, காரணம் சொல்லிப் போட்ட விதியை நீக்குவதென்றாலும் பொதுவாக அதே படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். அவசரம், தகுந்த காரணம் இருக்கிறது என்று சொல்லி முன்கூட்டியே கருத்துக் கேட்பதைத் தவிர்க்கச் சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. 2025 அக்டோபர் விதி அந்த விலக்கைக் காட்டித்தான் வந்தது. துறைகள் அந்த விலக்கை எளிதாக எடுத்தாளும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. எந்த ஆட்சி செய்தாலும் அது நல்லதில்லை.

காரணம் சரியில்லை என்றால் நீதிமன்றம் விதியை ரத்து செய்யலாம். சிறு வயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு உரிய ஆவணம் இல்லாமல் வாழ்பவர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்புத் தரும் டாகா திட்டத்தை நிறுத்திய முடிவை 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. திட்டத்தை நிறுத்தத் துறைக்கு அதிகாரமே இல்லை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களின் நிலையைத் துறை எடைபோடவில்லை என்றார்கள். கருத்து எழுதும் எவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்ப்பது துறையின் முன்னால் அன்று இருந்த கோப்பைத்தான். நாம் எழுதாதது அதில் இருக்காது.

ஆகவே, “இந்த விதி அநியாயம், திரும்பப் பெறுக” என்று ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்புவதில் பெரிய பலன் இல்லை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அட்டை வர எவ்வளவு காலம் ஆனது, அந்த இடைவெளியில் சம்பளம் எவ்வளவு போனது, வீட்டுக் கடன் எப்படிக் கட்டினீர்கள், உங்கள் இடத்தை நிரப்ப நிறுவனம் என்ன செலவு செய்தது, துறை தன் கணக்கில் எதை விட்டுவிட்டது என்று எழுத வேண்டும். குறிப்பான கேள்வியைத் தாண்டிப் போவது துறைக்குக் கடினம். பதில் சொல்லாமல் விட்டால் அதுவே நாளை வழக்கில் பிடியாகும். இப்படி எழுத அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. விசாவில் இருப்பவரும் எழுதலாம்.

கருத்துக் கோப்பு ஒரு வழி. தனி மனிதரின் விண்ணப்பம் சிக்கிக்கொண்டால் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தை அணுகலாம். அங்கே இதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் துறையிடம் கேட்டுச் சொல்வார்கள். வாக்குரிமை இல்லாதவரும் அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1966-இல் வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி கேட்கலாம். சட்டம் துறைக்குத் தரும் அவகாசம் 20 வேலை நாட்கள். பெரும்பாலும் அதைவிட இழுக்கும், இருந்தாலும் கேட்டு வாங்குவது நல்லது.

துறைகளுக்கு உள்ளேயே இருந்த காவல்கள் இப்போது மெலிந்துவருகின்றன. துறைகளுக்குள் முறைகேடுகளை விசாரிக்கும், 1978 சட்டத்தின் கீழ் வரும் இன்ஸ்பெக்டர் ஜெனரல்களில் சுமார் 17 பேர் 2025 ஜனவரியில் ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். அவர்களை நீக்கும் முன் காங்கிரசுக்கு 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படித் தராமல் நீக்கியது சட்டமீறல் என்று அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு ஃபெடரல் நீதிபதி சொன்னார்; ஆனால் அவர்களைத் திரும்ப வேலையில் அமர்த்த உத்தரவிடவில்லை. குடியேற்ற விண்ணப்பச் சிக்கல்களைக் கவனிக்க 2002 சட்டம் ஏற்படுத்திய குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலும் 2025 மார்ச்சில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. உள்ளே காவல் குறையும்போது வெளியிலிருந்து கேட்பவர்கள் கூட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அரசு ஊழியர்கள் நமக்கு எதிரிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம்மவர்களும் அந்தத் துறைகளில் பணிபுரிகிறார்கள். 1960-இல் தாலிடோமைடு மருந்துக்கு அனுமதி கேட்டு நிறுவனம் மறுபடி மறுபடி நெருக்கியபோது, மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ-வில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சிஸ் கெல்சி, பாதுகாப்புக்கான சான்று போதாது என்று தொடர்ந்து மறுத்தார். அந்த மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தார்கள். அமெரிக்கா பெருமளவு தப்பியது. பயமில்லாமல் “முடியாது” என்று சொல்ல ஓர் அதிகாரிக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். அரசு வேலை கிடைக்காத ஏமாற்றத்தில் ஒருவன் 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு, 1883-இல் வந்த பெண்டில்டன் சட்டம்தான் தகுதி பார்த்து வேலை என்ற முறைக்கு அடித்தளம் போட்டது. அந்தப் பாதுகாப்பைப் பல பதவிகளிலிருந்து எடுக்கும் ஆணை 2025 ஜனவரியில் வந்திருக்கிறது. அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அரண்டு நடுங்கக் கூடாது. நான் இரண்டையும் கேட்கிறேன்.

விசாவில் இருப்பவர்கள் இன்று பெயர் போட்டு எழுதப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் குடியுரிமை பெற்றவர்கள் முன்னே வர வேண்டும். கிரீன் கார்டு வந்த அன்றே பின்னால் நிற்கும் வரிசையை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சங்கத்தை நடத்துபவர்களில் பலர் குடிமக்கள். உங்கள் குரலுக்கு அந்த ஆபத்து இல்லை.

வரிவிலக்குப் போய்விடுமோ என்ற தயக்கம் வேண்டாம். சங்கம் தேர்தலில் யாருக்கும் ஆதரவு தேடக் கூடாது, சரி. துறை விதி ஒன்றின் மீது கருத்துச் சொல்வதை வரித் துறை லாபியிங் (சட்டம் இயற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவது) கணக்கில் சேர்ப்பதில்லை. ஐயம் இருந்தால் நம் உறுப்பினர்களிலேயே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஃபெடரல் ரெஜிஸ்டரை வாரம் ஒருமுறை பார்த்து, நம்மைத் தொடும் விதிகளை எளிய தமிழில் இரண்டு பத்தி எழுத ஓர் ஆள். கருத்து எழுத உதவ, தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறை. விழாவில் அந்த மேசை. வருகிற செயற்குழுக் கூட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மேசையில் உட்கார நான் தயார். இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்